மூட்டை எண்

வாலிநோக்கம் அளத்தில்
ஐப்பசி மழை இறங்குமுன் தைத்த கடைசி மூட்டை.
சாக்கின் வாயில் மெஷின் குத்திய எண்
1,54,85,863.
லாரி வரவில்லை. பாத்தியெல்லாம் வானம்.
கணக்கு எழுதுகிறவளுக்குக் கடித்துக்கொண்டிருக்க
வேறென்ன இருக்கிறது.

என் கால்குலேட்டரில் எட்டுக் கட்டம்.
எட்டிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டு போகாது, பார்த்தாலே தெரியும்.
இலக்கங்களைக் கூட்டினால் நாற்பது; மூன்றும் போகாது.
ஏழு பேருக்குப் பங்கு வைத்தால்
ஒரே ஒரு கல் உப்பு தரையில் கிடக்கிறது.
அந்த ஒரு கல்லால் பங்கு செல்லாது.
பதிமூன்றுக்கு மூன்று கல்.
பதினேழுக்கு இரண்டு.

கரண்ட் போனபின் எமர்ஜென்சி விளக்கில்.
3931 வரை போனால் போதும்;
அடுத்த பகா எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால்
மூட்டையைத் தாண்டிவிடும்.
அதுவரை வழியில் நிற்பவை ஐந்நூற்று நாற்பத்தாறு.
மூன்று ராத்திரி.
நடுவில் ஒருமுறை மீதியில்லாமல் வகுபட்டது.
துக்கமா சந்தோஷமா தெரியாமல்
கால் மணி நேரம் மழையைக் கேட்டேன்.
பிறகு பார்த்தால், எட்டுக்குப் பதில் ஐந்தை அழுத்தியிருக்கிறேன்.

இதுவரை தைத்ததையெல்லாம் திரும்ப வாங்கி
அட்டி போடச் சொன்னால்
ஒற்றை வரிசைதான், ஜகுபர் அண்ணே.
மூட்டைக்கு ஒரு முழம் வைத்தாலும் கடல் தாண்டும்.
இரண்டு சதுரமாகவும் பரப்ப முடியாது:
நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சும் இனம்.
அந்த இனத்தில் எதற்கும் அது வாய்த்ததில்லை.

நான்காம் நாள் சிக்னல் வந்தது.
போனில் தட்டினேன். பகா எண்தான்.
அதோடு, நான் கேட்காத ஒன்று:
பகா எண்களின் வரிசையில் இதன் இடம்
சரியாகப் பத்து லட்சம்.
எழுந்து நின்றுவிட்டேன்.

தையல் மெஷினில் இருக்கும் சாத்தையாவிடம் சொன்னேன்.
பத்து லட்சத்தில் என்ன விசேஷம், என்றார்.
ஆறு சைபர், என்றேன்.
கைகளை விரித்துக் காட்டினார்.
இடது சுண்டுவிரல் இல்லை, இதே மெஷின்தான்.
சிரிக்கத்தான் காட்டினார்,
எனக்கு அன்றும் தூக்கம் போனது.

ஒன்பது விரலால் எண்ணத் தொடங்கிய உலகில்
அந்த இருக்கையின் பெயர் 1783661.
யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.
சைபர்கள் நம் கையில் முளைத்தவை.
மூட்டை மட்டும்
அங்கேயும் ஏழு பேருக்கு நடுவே
ஒரு கல் சிந்தும்.

மழை வெறித்து லாரி வந்தது.
டிரைவர் ரசீதில் கடைசி மூன்றை எட்டாக எழுதியிருந்தான்.
இரட்டைப்படை!
கேட் வரை ஓடித் திருத்தினேன்.
ஒரு மூட்டைக்கு ஏன்க்கா இந்தப் பாடு, என்றான்.
எடையில் ஒன்றரைக் கிலோ கரைந்துபோயிருந்தது.
அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தான்.