உற்பத்தி நாடு

பட்டர்வொர்த் துறைமுகம், காலை ஏழரை.
இன்னும் பசியாறவில்லை.
அஸ்மான் முத்திரையை வெட்டினான்.
கதவு திறந்ததும் இருவரும் பின்வாங்கினோம்.

தாளில் இருந்தது:
கழுவித் தரம் பிரித்த நெகிழி, மறுசுழற்சிக்கு.
உள்ளே இருந்தது
யாரோ பாதி தின்ற தயிரின் நாற்பதாம் நாள்.

நான் பனி பார்த்ததில்லை.
ஆனால் பனி பெய்யும் ஊர்களின் குப்பையை
மூக்கை வைத்தே பிரித்துச் சொல்வேன்.
இது பூனைத்தீனி. இது குழந்தையின் கழிவுத்துணி.
இந்தக் கிண்ணத்தின் அடியில்
பூமியைக் காத்தமைக்கு நன்றி என்று அச்சடித்திருக்கிறது.
எனக்கல்ல அந்த நன்றி.

முன்பு இதே நீர்வழியில் ஈயம் போயிற்று, ரப்பர் போயிற்று,
பதிலுக்கு எதுவும் வரவில்லை என்று குறைபட்டோம்.
இப்போது வருகிறது.

தங்கை யோகவள்ளிக்கு பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட்.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே.
ஒரு தூசி விழுந்தால் ஒரு தட்டு சில்லும் வீண் என்பாள்.
வரைபடம் அவர்களது, இயந்திரம் அவர்களது,
விலை அவர்கள் சொல்வது.
மேலே மலேசியா என்று பொறித்திருக்கும்,
கல்யாணப் பத்திரிகையில் மட்டும் வருகிற
மாமன் பெயரைப்போல.

மழை பொய்த்து இரண்டு மாதம்.
எங்கள் பதினாலாம் மாடியில் குழாய் இருமுகிறது.
சில்லுகளைக் குளிப்பாட்டும் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.
நிற்கக் கூடாதென்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்:
வீட்டுத் தவணை ஆயிரத்து இருநூறு வெள்ளி.

திருப்பி அனுப்புக, என்று எழுதினேன்.
கப்பல் கூலி யார் கட்டுவது, என்றான் அஸ்மான்.
அனுப்பிய கம்பெனியை அழைத்தோம்.
மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

பெட்டியின் மூலையில், எண்ணெய்ப் பிசுக்கில்,
உடைந்த பொம்மை ஒன்று.
வயிற்றைப் பிளந்தால் பச்சைப் பலகை,
அதில் விரல்நகம் அளவு கறுப்புச் சதுரம்,
அதில் நம் பெயர்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது,
உற்பத்தி நாடு.
பேனாவை மூடினேன்.

மாலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம்
கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"எங்க லைன் இல்ல. பழசு."
பிறகு முகத்தைச் சுளித்து,
"மொதல்ல கைய கழுவு."

திறந்தேன்.
குழாய் இருமியது.