எடைமேடை

புளியரை செக்போஸ்ட்.
வண்டியில் தூத்துக்குடிக் கல்லுப்பு, பதினாறு டன்,
புனலூருக்கு.
எங்களுக்கு முன்னால் பதினொரு லாரி:
வைக்கோல், கோழி, ஜல்லி, மறுபடியும் கோழி.

ஓட்டுநர்களுக்கு இலவசப் பரிசோதனை என்று
தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மேசை போட்டிருந்தார்கள்.
லிசம்மா சிஸ்டர் முதலில் என் கையில் பட்டையைச் சுற்றினார்.
காற்று ஏறியது, இறங்கியது.
நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு.
"கொள்ளாம்" என்றார், முகத்தைப் பார்க்காமலே.

பிறகு முப்புடாதி.
இரண்டு தடவை பார்த்தார். கை மாற்றியும் பார்த்தார்.
நூற்று எழுபத்திரண்டு, நூற்று நான்கு.

எனக்குக் கோபம் அந்த மெஷின் மேல்.
ஊறுகாயைச் சோறு மாதிரித் தின்கிறவன் நான்.
சாளைக் கருவாட்டைச் சுட்டு
அதையும் உப்பில் தொட்டுக்கொள்கிறவன் நான்.
அவன் என் சட்டியில் பங்கு வாங்குகிறவன், அவ்வளவுதான்.
ஒன்பது வருஷம்.
ஒரே ஸ்டவ், ஒரே சட்டி.
சமைப்பது நான்.

"செலருக்கு உப்பு வந்த வழியே போகும்.
செலருக்கு உள்ளேயே தங்கும்,
தண்ணியையும் பிடிச்சு வைக்கும்."
பாதி மலையாளம், பாதி செங்கோட்டைத் தமிழ்.
சொல்லிக்கொண்டே அவன் கணுக்காலில்
கட்டைவிரலை அழுத்தி எடுத்தார்.
குழி அப்படியே நின்றது,
சேற்றில் டயர் தடம் மாதிரி.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பானாம்.
தின்றது நான்.
தண்ணீர் நின்றது அவன் காலில்.

தென்காசிப் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள்.
ஒரு மாதம் விழுங்கியும் நூற்று ஐம்பத்தெட்டுக்குக் கீழே வரவில்லை.
உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அவனை.
நானும் குறைத்தேன். என்னை யாரும் சொல்லவில்லை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்;
அந்தக் குப்பையை
பதினாறு டன் உப்பின் நிழலில் உட்கார்ந்து
முப்பது நாள் தின்றோம்.

அடுத்த முகாம்.
அவனுக்கு நூற்று முப்பத்தாறு.
எனக்கு அதே நூற்றுப் பதினெட்டு,
ஒரு புள்ளி அசையவில்லை.
"வீணா நாக்கைச் சாகடிச்சிட்டியேல" என்று
முப்புடாதி விழுந்து விழுந்து சிரித்தான்.
சிஸ்டர் சிரிக்கவில்லை.
"வயசெத்தன?"
நாற்பத்தொன்று என்றேன்.
"அம்பதில் வா. அப்ப பார்க்கலாம்."

அன்றைக்கும் உப்புதான் லோடு.
மலையிலிருந்து இறங்கிய சாரல் ராத்திரி முழுக்க
தார்ப்பாய் ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது.
எடைமேடையில் ஏற்றி நிறுத்தினோம்.
தூத்துக்குடிச் சீட்டை விட
நாற்பது கிலோ கூடுதல்.

எழுதுகிறவர் எங்களை முறைத்தார்.
"மழை சார்" என்றான் முப்புடாதி.
"உப்புல்லா. தண்ணியைக் கண்டா விடாது."
நனைந்த சாக்கு ஒன்றைத் தட்டியும் காட்டினான்,
தன் பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்வது போல.

ஆரியங்காவு வளைவுகளில் அவன்தான் ஓட்டினான்.
பனியனின் முதுகில் வேர்வை காய்ந்து
வெள்ளையாக ஒரு கரை.
எவ்வளவு வெளியே வந்திருக்கும் என்று
சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

அவனுக்குத் தெரியாமல் குனிந்து
என் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன்.
கேபினுக்குள் வெளிச்சம் போதவில்லை.