எப்சிபாளின் கணவனுக்கு

எசேக்கியா ராஜாவே,
உம் மனைவிக்கும் எனக்கும் ஒரே பெயர்.
வேதத்தில் அவள் ஒரு வரியில் வருகிறாள்,
அதுவும் மகனைப் பற்றிச் சொல்லும்போது,
தாய் இன்னாள் என்று.
நான் ஜெலுத்தோங் ஃபிளாட்டில், ஒன்பதாம் மாடியில்,
மின்சார பில்லில் வருகிறேன்.

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில்
என் தேவஇரக்கமும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தார்.
ஜெபமா, அடுத்த கட்டில் சீனக் கிழவரின்
ரேடியோவுக்குப் பயந்தா, தெரியாது.
சுவரில் பச்சைப் பெயின்ட். ஒரு பல்லி.
முற்றம் வரை போன தீர்க்கதரிசி எவரும்
பாதியில் திரும்பி வரவில்லை.
டாக்டர் மட்டும், குழாய் வைத்தாயிற்று,
கவனமாக இருந்தால் பத்து, பதினைந்து வருடம் என்றார்,
அடுத்த கட்டிலுக்கு நடந்தபடியே.
அத்திப்பழ அடைக்குப் பதில்
நாலு நிறத்தில் மாத்திரை.

திரும்பும் வழியில் கடலோரம்
சற்றே சாய்ந்து நிற்கிற மணிக்கூண்டைக் கடந்தோம்.
நிழல் பின்னால் போகவில்லை.
டாக்சி மீட்டர்தான் முன்னால் ஓடியது.

உமக்குப் பாபிலோன்காரர்கள்.
எங்களுக்கு என் அண்ணன் செல்வின்.
நலம் விசாரிக்க ஆரஞ்சுப் பையோடு வந்தார்.
இவர் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினார்,
பிறகு மாத்திரை டப்பாவை,
பிறகு சேமநிதிக் கணக்கை,
பிறகு அலமாரி திறந்து
என் வளையல் கிடந்த பிஸ்கட் டின்னை.
காட்டாமல் விட்டது கல்யாண ஆல்பம் ஒன்றுதான்.
அடுத்த மாதம் லோரி வாங்க
அண்ணனுக்கு ஜாமீன் தேவைப்பட்டது.
கையெழுத்துப் போட்டுவிட்டு இவர் சொன்னார்:
என் காலம் வரைக்கும் ஒன்றும் ஆகாது, எப்சி.
ராஜாவே, இந்தக் குரலை
நீர் எங்கேயோ கேட்டிருப்பீர்.

உம்மேல் எனக்கிருக்கும் கோபம் அதற்கல்ல.
அழுது வாங்கிய பதினைந்தில்
மூன்றாம் வருடம் பிறந்த பிள்ளைக்கு
மறதி என்று பொருள்படப் பெயர் வைத்தீர்.
எதை மறக்க? அந்தச் சுவரையா?
பிரசங்கத்தில் தவறாமல் சொல்கிறார்கள்:
அந்த வருடங்கள் கூடாதிருந்தால்
மனாசே பிறந்திருக்கவே மாட்டான்,
எருசலேம் தப்பியிருக்கும்.
மூன்றாம் பெஞ்சில் என் தோளில் சாய்ந்திருக்கிறான் ஆசேர்.
அவனும் கூடுதல் வருடத்துப் பிள்ளை.
தூங்குகிறானா என்று பார்த்தேன்.
தூங்கவில்லை.

எங்களுக்குப் பதினைந்து வரவில்லை.
பதினொரு வருடமும் நாலு மாதமும்.
ஆசேருக்கு அப்போது எட்டு வயது.
சிம்மாசனம் இல்லை, செயின் கழன்ற சைக்கிள் ஒன்று.
லோரி இன்னும் ஓடுகிறது.
தவணை என்னிடம்.

ஆனாலும் உம்மை நினைத்தால்
நீர் உடைத்த வெண்கலச் சர்ப்பம் ஞாபகம் வருவதில்லை.
வெள்ளி, பொன், பரிமள தைலம் எதுவுமில்லை.
தண்ணீர்தான்.
மலையின் இரு புறமிருந்தும் குடைந்து வந்தவர்கள்
கடைசி மூன்று முழத்தில்
பாறைக்கு அந்தப் பக்கம் ஒருவன் கூப்பிடுவதைக் கேட்டார்களாம்.
கல்லில் செதுக்கியிருக்கிறது.
உம் பெயர் அதில் இல்லை.

தேவஇரக்கம் தண்ணீர் வாரியத்தில் கசிவு தேடுபவர்.
இரவு இரண்டு மணிக்கு, ஆயர் ஈத்தாம் சாலையில்
தாரின்மேல் இரும்புக் கோலை ஊன்றி,
அதன் தலையில் காது வைத்து,
மோட்டார் சைக்கிள்கள் போய்த் தீரும்வரை குனிந்திருப்பார்.
மண்ணுக்குள் ஒழுகுவதற்கு
ஒரு சுருதி உண்டென்பார்.
வீட்டுக்குள் ஒழுகியது மட்டும் அவருக்குக் கேட்டதில்லை.

நேற்று ஆசேர் அந்தக் கோலைச்
செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து
சமையலறைக் குழாயில் வைத்தான்.
கண்ணை மூடிக்கொண்டான்.
எனக்கு அரிசியில் கை நின்றுவிட்டது.
என்னடா, என்றேன்.
மேல் வீட்டு வாஷிங் மெஷின், என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
இரு, வேற ஒண்ணும் இருக்கு.
அப்புறம், கண்ணைத் திறக்காமலே:
தண்ணிய மூடும்மா.
உன் சத்தம்தான் கேக்குது.