பற்கள் உடலில் சேர்த்தி இல்லை

வடக்கு மினசோட்டா. பள்ளி மாவட்ட அலுவலகம்,
இரண்டாம் மாடி, சலுகைகள் பிரிவு, என் மேசை.
நவம்பர். ஏரி இன்னும் உறையவில்லை,
ஜன்னல் உறைந்துவிட்டது.

ஐலீன் ஹவுகன் வந்து உட்காருகிறார்.
ஏழாம் வகுப்பு அறிவியல், பதினோராவது வருடம்.
மேலங்கியைக் கழற்றவில்லை,
மதிய இடைவேளையில் ஓடி வந்தவர்.
கையில் ரசீது: முதுகலைப் படிப்பில் ஒரு பாடம்,
ஆயிரத்து நானூற்றுப் பதினாறு டாலர்.

விதி அவருக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முதலில் உங்கள் பணம். பிறகு பாடம். பிறகு கிரேடு.
'பி'க்குக் குறையாமல் வாங்கி
அறுபது நாளுக்குள் ரசீதைக் கொடுத்தால்
திருப்பித் தருவோம்.
தந்தபின் இரண்டு வருடம் இங்கேயே இருக்க வேண்டும்.
நடுவில் போனால்
நீங்கள் எங்களுக்குத் திருப்பித் தருவீர்கள்.

கிரேடுத் தாளை என் பக்கம் நகர்த்துகிறார்.
பி.
அருகில் ஒரு சின்னக் கோடு.
இந்த மேசையில் நான் பார்த்ததிலேயே
விலை உயர்ந்த கோடு அதுதான்.

"கடைசித் தேர்வன்று பித்தப்பையை எடுத்தார்கள்" என்கிறார்.
அது எனக்குத் தெரியக் கூடாத செய்தி.
ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வேறு ஊருக்குப் போகும்,
ரசீதுகள் என்னிடம் வரும்.
ஒரே பெண்ணின் இரண்டு கோப்புகள்
வழியில் எங்கும் சந்தித்துக்கொள்வதில்லை.

முப்பத்தோராயிரம் ஆனதாம்.
முதல் மூவாயிரம் அவர் தலையில்,
மீதியை இன்சூரன்ஸ் கட்டியது, ஒரு வார்த்தை பேசாமல்.
இந்த ஆயிரத்து நானூறுக்குத்தான்
கோடு குறுக்கே நிற்கிறது.

ஏதாவது நல்லது சொல்ல வேண்டுமே என்று
சொல்லி வைத்தேன்:
"மூவாயிரம் முடிந்துவிட்டதல்லவா,
டிசம்பர் முப்பத்தொன்று வரை உங்களுக்குச் செலவில்லை.
முழங்கால், தோல், தூக்கம்,
என்ன இருந்தாலும் இப்போதே காட்டிவிடுங்கள்.
ஜனவரி ஒன்று, மறுபடி பூஜ்யத்திலிருந்து."

வாயைத் திறந்து காட்டினார்.
கடைவாய்ப்பல், பாதி உடைந்து.

எங்கள் திட்டத்தில்
பற்கள் உடலில் சேர்த்தி இல்லை.
கண்களும் அப்படித்தான்.
அவற்றுக்குத் தனிப் பிரீமியம், தனி அட்டை.

சிரித்துவிட்டார்.
"ஏழாம் வகுப்புக்கு நான்
வேறு மாதிரி அல்லவா நடத்திக்கொண்டிருக்கிறேன்."

எழுந்தவர், கதவருகே நின்று கேட்டார்:
"பணம் தரவில்லையென்றால்
அந்த இரண்டு வருடம்?"

யாரும் இதுவரை கேட்டதில்லை.
கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
"இல்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.
அதன் வழியே எதுவும் தெரியாது.
பிறகு அடுத்த பருவத்துக்கான படிவம் ஒன்றை
அடுக்கிலிருந்து உருவி,
நான்காய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.
நிரப்புவாரா, கேட்கவில்லை.
பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவருக்கு வகுப்பு.

'ஏற்கப்படவில்லை' முத்திரையை எடுத்துக் குத்தினேன்.
மை காய்ந்திருந்தது.
இன்னொரு முறை குத்த வேண்டியதாயிற்று.