அடுத்த வண்டி

காட்பாடியில் மே மாதம்.
மின்விசிறியை நிறுத்தினால்தான் பாடம் பதிவாகும்.
ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துண்டைத் திணித்து,
மூன்றாவது விசிலுக்குமுன் குக்கரை இறக்கிவிட்டு
பீரோவைத் திறந்து உள்ளே தலையை விடுவேன்.
புடவைகளுக்குப் புள்ளியியல்.
எதிரொலிக்காத வகுப்பு அது,
அந்துருண்டை வாசம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

பதினேழாம் பகுதி, நிகழ்தகவு.
"இரண்டு நாணயம் சுண்டினேன். தலையா பூவா தெரியாது.
குறைந்தது ஒன்று தலை என்று மட்டும் சொல்கிறேன்.
இரண்டுமே தலையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?
யோசியுங்கள்."

பிறகு பேசவில்லை.
வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில்
பேனா மூடிகள் கடிபடும்.
பின்வரிசை ஒன்று சட்டென்று "பாதி" என்னும்,
இறங்குகிற அவசரத்தில் ஆட்டோவுக்குச் சில்லறை நீட்டுவதுபோல்.
அந்தப் பாதியை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.
அது அங்கேயே நிற்கும்.
நிற்க நிற்க அதற்கே சந்தேகம் வரும்.

பீரோவுக்குள் ஐந்து விரலையும் மடக்கினேன்.
ஐந்து நொடி.
கழுத்தில் வேர்வை இறங்கியது.
அப்புறம்தான் சொன்னேன்: மூன்றில் ஒன்று.

தேர்வில் அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தெட்டு பேர்
மூன்றில் ஒன்று எழுதியிருந்தார்கள்.
மகிழ்ச்சி.
மூன்று நாணயம் வைத்துக் கேட்ட அடுத்த கேள்விக்கும்
அதே ஐம்பத்தெட்டு பேர்
மூன்றில் ஒன்று.

கிரீன் சர்க்கிளில் ஷேர் ஆட்டோ நகரவில்லை.
பக்கத்தில் தஸ்னீம், மேல்விஷாரம், மூன்றாம் செமஸ்டர்.
"உங்க குரல்தான் மேடம், கேக்குறீங்களா?"
இடது காதுக்கு உரியதைத் துடைத்துக் கொடுத்தாள்.
யாரோ ஒருத்தி
ஒன்றரை மடங்கு வேகத்தில், சளி பிடித்த கொசுபோல்,
நாணயம் சுண்டிக்கொண்டிருந்தாள்.
"யோசியுங்கள்மூன்றில்ஒன்று."
ஒரே சொல்.

"மௌனத்த வெட்டுற வசதி இருக்கு மேடம்.
எல்லாரும் போட்டு வெச்சிருக்கோம்.
ஒரு பாடத்துக்கு நாலு நிமிஷம் மிச்சம்."

திட்டத்தான் வாயெடுத்தேன்.
அவள் விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.
வீட்டில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறாளாம்,
பதினொன்றரைவரை, ஜோடிக் கணக்கில் கூலி.
நாலு நிமிடம் என்றால் ஒரு காலின் முன்தையல்.
என்ன சொல்ல?
காதிலிருந்து எடுத்து, துடைத்து, திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிரவு துண்டை உருவினேன்.
ஜன்னலைத் திறந்தேன்.
பதினெட்டாம் பகுதி.
"மூன்று நாணயம். குறைந்தது ஒன்று தலை.
மூன்றுமே தலையா?
யோசியுங்கள்" என்றுவிட்டு
மைக்கை வெளிப்பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தேன்.

ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் சரக்கு வண்டி.
நாற்பத்திரண்டு பெட்டி, எண்ணினேன்.
வெட்டட்டும் பார்க்கலாம்,
இதுதான் மௌனம் இல்லையே.
நடுவே எதிர்வீட்டார்
"யோவ், மோட்டார நிறுத்து, டேங்க் வழியுது" என்றார்.
அதையும் விட்டுவைத்தேன்.
விடையை மட்டும் சொல்லவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு குரல்பதிவு.
பின்னால் தையல் மெஷின் ஓடி நிற்கிறது.
"மேடம், ரயிலு போயிக்கினே இருந்துச்சு.
நானும் தைக்கிறத நிறுத்திட்டு எண்ணிக்கினே இருந்தேன்.
மொத்தம் எட்டு. மூணுமே பூ வராது, அது போச்சு.
அப்ப… ஏழுல ஒண்ணா?"

கேட்டுவிட்டு அவள் அணைக்கவில்லை.
மெஷினும் ஓடவில்லை.
எங்கோ ஒரு நாய், தூரத்தில்.
அவள் மூச்சு.

"ஆமாம்" என்று தட்டிவிட்டேன்,
அனுப்பவில்லை.
அடுத்த வண்டி வரட்டும்.