லாம்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, காலாப்பட்டில்,
தட்டச்சு, ஜெராக்ஸ், காலிகோ பைண்டிங்.
இருபத்திரண்டு வருஷம்.
ஆய்வேடுகளை நான் படிப்பதில்லை,
அடிப்பேன்.
விரலுக்கு ஞாபகம் உண்டு.

முதலில் வந்தது மரியபுஷ்பத்தின் ஏடு.
வம்பாக்கீரப்பாளையத்தில் பதினோரு தாய்மார்,
ஒரு மீன்காரி, பேர் செங்கேணி.
பால்சுறா புட்டு தின்னா
பால் ஊறும்னு சொல்லுவாங்க, என்றாளாம்.
மரியபுஷ்பம் கவனமானவள்.
தாய்ப்பால் கூடலாம் என்று எழுதினாள்.
அடுத்த வரி: மேலும் ஆய்வு தேவை.

மேலும் ஆய்வு வந்தது.
தேவநாதன் ஏட்டில் அது கூடும்.
அவனைப் பார்த்து எழுதிய காரைக்கால் பையனிடம்
கூடுகிறது.
நாலாவது ஆள்
(பேர் மறந்துவிட்டது, பாக்கி நூற்றெண்பது மறக்கவில்லை)
கூடுவது நிறுவப்பட்டுள்ளது என்று முடித்து
அடைப்புக்குறிக்குள் மூன்று பேரையும்
நெருக்கி உட்காரவைத்தான்.
மூன்று சாட்சி.
பின்னால் வந்த இரண்டு பேரும்
செங்கேணியைப் பார்த்ததில்லை,
மீன் நாற்றம்கூட.

அந்த ‘லாம்’ எங்கே விழுந்தது?
ஒருநாள் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்.
பொட்டுக்கடலைத் தோல்,
ஒரு ஸ்டேப்ளர் பின்.

சுடர்விழி மட்டும் அளந்தாள்.
அரசு ஆஸ்பத்திரி வார்டில் நாற்பது குழந்தைகள்;
பால் குடிக்குமுன் ஒரு எடை,
குடித்தபின் ஒரு எடை,
ஆறு வாரம்.
சுறா தின்றவளுக்கும் தின்னாதவளுக்கும்
வித்தியாசம் இல்லை.
இத்தனை பேர் சொன்னது தப்பாம்மா?
நெறியாளர் கேட்டது அவ்வளவுதான்.
அத்தியாயம் நான்கு
பின்னிணைப்பு ஆறு ஆனது.
பக்க எண் மாற்றியது நான்.

போன மாசம் ஒரு ஏடு.
தாய்ப்பால் கூடுகிறது, அதற்கு ஐந்தாவது சாட்சி:
சுடர்விழி, ப. 212.
எடுத்துப் பார்த்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்
அவளுடைய நூற்பட்டியல்.
திருத்தவில்லை.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்,
திருத்தம் தனி.

ஞாயிறு காலை, பெரிய மார்க்கெட்.
மகள் பெற்று ஒன்பது நாள்,
பால் போதவில்லை என்று அழுகிறாள்.
பலகைக்குப் பின்னால் செங்கேணி.
கிலோ அறுநூறு.
போன வருஷம் முந்நூறுதானே?
‘யூனிவர்சிட்டியிலயே கண்டுபிடிச்சிட்டாங்களாம் சார்.
உங்க கடை அந்தப் பக்கம்தானே?’
ஆமாம் என்றேன்.
அரைக் கிலோ.
வெட்டினாள், தட்டில் வைத்தாள்,
முள் ஆடி நிற்கும்வரை பார்த்திருந்து கேட்டாள்:
‘அம்பது கிராம் கூடுது,
போடலாமா?’