படித்துக் காட்டப்பட்டது

ஒத்தக்கடையில், நரசிங்கம் ரோட்டுத் திருப்பத்தில்
ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் என் மேசை.
நிமிர்ந்தால் யானைமலை.
நிமிர்வது குறைவு.
பக்கத்துக்கு இருபது ரூபாய்,
அவசரமென்றால் இருபத்தைந்து.

வக்கீல் அங்குச்சாமியின் கட்டு வந்தால்
புதிதாய் எதுவும் அடிக்க வேண்டாம்.
பழைய ஃபைலைத் திறப்பேன்.
தர்மகுலசிங்கம், தகப்பனார் வைத்தியநாதர்,
வயது முப்பத்து நாலு என்றிருந்தது.
அழித்து முப்பத்தேழு ஆக்கினேன்.
பிறகு நாற்பது.
இன்று நாற்பத்து மூன்று.
மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது:
முல்லைத்தீவு, படகு, மண்டபம்,
சிம்மக்கல் கடையில் ரசீது போட்டு வாங்கிய
நூற்று நாற்பது சைக்கிள் பேரிங்.

பேரிங் வழக்கில் ஜாமீன் கிடைத்தது.
சிறை வாசலில் கையெழுத்துப் போட்டு
செருப்பை மாட்டக் குனிந்தவரை
இன்னொரு ஜீப் ஏற்றிக்கொண்டது.
அது கைதில்லை என்கிறது அரசாணை.
போய்ச் சேர்ந்த இடமும் சிறையில்லை,
சிறப்பு முகாம்.
சிறப்பு.
கண்ணை மூடிக்கொண்டே என் விரல் அடிக்கிற சொல்.

உச்சப்பட்டி முகாமிலிருந்து
இரண்டு பஸ் மாறி வருவார் கமலாம்பிகை.
மனு ஆங்கிலத்தில். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி:
மனுதாரருக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டு
அவர் புரிந்துகொண்டதாக ஒப்புக்கொண்டார்.
வக்கீல் கோர்ட்டுக்குள் இருப்பார்.
படித்துக் காட்டுவது நான்.
அதற்குத் தனிக் கூலி கிடையாது.

"அயல்நாட்டார் சட்டம், மூன்றாம் பிரிவு" என்றேன்.
"ஆர் அயல்நாட்டார்?"
"நீங்கதாங்க்கா."
தமிழில்தான் சொன்னேன்.
தமிழில்தான் கேட்டுக்கொண்டார்.

போன முறை அரசு போட்ட எதிர் மனுவையும்
விளக்கச் சொன்னார். விளக்கினேன்.
அன்னார் கைதி அல்லர்,
ஆகவே விடுதலை என்ற கேள்வியே எழவில்லை.
அன்னார் அடைக்கப்படவில்லை,
நடமாட்டம் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது.
தமக்கான உணவைத் தாமே சமைத்துக்கொள்கிறார்.
மாலை ஆறு மணிக்கு எண்ணப்படுகிறார்.

வாசலில் கரும்புச் சாறு மிஷின்
சக்கையைத் திரும்பத் திரும்ப மடித்து விட்டுக்கொண்டிருந்தது.

"கைதியெண்டால் என்ன கிடைக்கும் தம்பி?"

தண்டனைக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும்க்கா.
ஒழுங்காயிருந்தால் அதிலும் கழிவுண்டு.
அம்மா செத்தால் பரோல்.
போர்க்கைதியாயிருந்தால்
சண்டை முடிந்ததும் தாமதிக்காமல் அனுப்பிவிடணுமாம்,
உலகத்துக்கே அப்படி ஒரு சட்டமிருக்காம்.
வக்கீல் சொன்னார்.

சண்டை எப்போது முடிந்தது என்று
நான் கேட்கவில்லை.
அவர் விரலை மடக்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டார்.

"அப்ப அவரைக் கைதியெண்டே எழுதுங்கோவன்."

மேலூர் கல்குவாரிக்காரருக்கு அடித்திருக்கிறேன்,
சோழவந்தான் வெட்டுக்குத்துக்கு அடித்திருக்கிறேன்.
எல்லாரும் அந்தச் சொல்லை எடுக்கத்தான்
காசு தந்தார்கள்.
எங்கள் வடிவத்தில் அதைச் சேர்க்க இடமில்லை.

இது ஆட்கொணர்வு மனு.
முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டதும்
"ஆளைக் கொண்டு வருவினம்தானே" என்று
விசாரணையன்று நாற்பதாம் நம்பர் சட்டையொன்றை
இஸ்திரி மடிப்போடு எடுத்து வந்தார்.
கொண்டு வந்தது காகிதத்தை மட்டும்.
மத்தியானம் என் பிரிண்டர் மேல் வைத்திருந்த சட்டையை
தூசி தட்டி எடுத்துப் போனார்.
அப்புறம் கொண்டு வரவில்லை.

எல்லாம் படித்து முடித்தேன்.
"விளங்கிச்சுதா?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன்.
"விளங்குது."
கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர்
முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.
"ஆவணியிலை அவருக்கு நாற்பத்து நாலு.
இப்பவே மாத்திவிடுங்கோ தம்பி,
அவையள் கூப்பிடேக்கை சரியா இருக்கும்."

மாற்றினேன்.
பதினொரு பக்கம். இருநூறு போதும் என்றேன்.
இருநூற்று இருபது எண்ணி வைத்துவிட்டு
திருமங்கலம் பஸ் பிடிக்கப் போனார்.